தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு

கறுப்புக் கார் ஒன்றை உச்சிவெயிலில் நிறுத்தி அதன் பானெட்டைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டங்கள் தெரியும். நிழலுக்குக் கொண்டுபோனால் அவை மறைந்துவிடும். இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழ் மறுபடியும் முளைக்கும். டீடெய்லிங் கடைகளில் இவற்றை ஸ்வர்ல் மார்க், அதாவது சுழிக்கீறல் என்கிறார்கள்.

உண்மையில் அங்கே வட்டம் எதுவும் இல்லை. துணியும் தூசியும் பல திசைகளில் இழுத்துவிட்ட நுண்ணிய கீறல்கள்தாம் பானெட் முழுக்கக் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையில்தான் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம் போல் அமைந்த கீறல்கள் மட்டும் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன, மற்றவை பார்வையிலிருந்து ஒளிந்துகொள்கின்றன. பார்ப்பவர் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். நாள்பட்ட எவர்சில்வர் தட்டை வெயிலில் காட்டினாலும் இதே வட்டங்களைப் பார்க்கலாம்.

இந்தக் கீறல்களை எடுப்பது இன்று உலகெங்கும் ஒரு தனித் தொழில். அந்தத் தொழிலின் அடிப்படை எளியது. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்பி மறைப்பது சில வாரங்களுக்கு மட்டுமே நிற்கும். நிரந்தரமாக எடுக்க வேண்டுமென்றால், சுற்றியுள்ள பெயிண்ட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்துக் குறைத்தாக வேண்டும். அதாவது, பளபளப்பு வரும்போதெல்லாம் பெயிண்ட்டில் கொஞ்சம் போகிறது. எவ்வளவு போகலாம் என்பதைக் காரின் மேல் பூசியிருக்கும் பெயிண்ட்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் கடந்த நூறாண்டில் பெயிண்ட் மாறிய ஒவ்வொரு முறையும் பாலிஷ் தொழிலும் அடியோடு மாறியது.

வார்னிஷ் அறை

காருக்கு முன்னோடி குதிரை வண்டி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நல்ல கோச் வண்டி ஒன்றுக்கு வண்ணம் பூசி முடிக்கப் பல வாரங்கள் பிடித்தன. மரத்தின் மேல் ஈயம் கலந்த அடிப்பூச்சு, அதன் மேல் மேடுபள்ளம் நிரப்பும் கனத்த கலவை, பிறகு வண்ணம், பிறகு வார்னிஷ் என்று அடுக்கடுக்காக ஏறும். ஆளிவிதை எண்ணெயும் கோபல் பிசினும் டர்பன்டைனும் சேர்ந்த அந்த வார்னிஷ், காற்றில் தானாக உலர வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை.

உலர்ந்த ஒவ்வொரு அடுக்கையும் எரிமலை நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்து மட்டமாக்குவார்கள். ஆனால் கடைசி வார்னிஷை யாரும் தேய்க்க மாட்டார்கள். தூசி பறக்காமல் இருக்கத் தரையை ஈரமாக்கிய அறையில், கைதேர்ந்த ஒருவர் தூரிகையால் அதைப் பரப்புவார். அது தானாகப் பாய்ந்து, தானாக மட்டமாகி, தானாக மினுங்க வேண்டும். தேய்ப்பு எல்லாம் மினுக்கத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

அப்படிப் பெற்ற பளபளப்பைக் காப்பதற்கும் விதிகள் இருந்தன. குதிரைச் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழும் அம்மோனியா வார்னிஷைக் கெடுக்கும் என்பதால் வண்டியை லாயத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். சேறு காய்ந்துபோக விடக் கூடாது, காய்ந்த சேற்றைத் துடைக்கவே கூடாது, முதலில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கரைத்த பிறகே பஞ்சை வைக்க வேண்டும் என்பது வண்டிக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம்.

மதராஸிலும் இந்தத் தொழில் வேரூன்றியிருந்தது. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கோச் வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அது குறிப்பிடப்படுகிறது. வண்டி கட்டியவர்களே கார் கட்டத் தொடங்கியதால், வண்டிக்கு வண்ணம் பூசிய கையே காருக்கும் பூசியது. உலகெங்கும் நடந்தது இதுதான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1901இல் மரச்சாமான்களுக்கு பாலிஷ் தயாரிக்கத் தொடங்கிய பிராங்க் மெகுயர், பின்னாளில் கார் பாலிஷுக்குப் பெயர்போன நிறுவனம் ஒன்றின் தந்தையானார். அலமாரிக்கும் காருக்கும் அன்று ஒரே வகை வார்னிஷ்தான்.

கறுப்பும் டூக்கோவும்

1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார் முதலில் பல வண்ணங்களில் கிடைத்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. ஒரு சேஸியைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆன இடத்தில் அடுத்த ஆண்டு ஒன்றரை மணி நேரம் போதுமானதாயிற்று. வார்னிஷுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க இனி முடியாது. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. தார்ப்பொருள் கலந்த கறுப்பு எனாமல் மலிவானது, நீடித்து உழைப்பது. உதிரிப் பாகங்களை அதில் முக்கி எடுத்துச் சூளையில் சுட்டுவிடலாம். உற்பத்தி நின்ற 1927க்குள் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் வெளிவந்தன.

விலை கூடிய, வண்ணம் பூசிய கார்களோ இன்னும் பழைய வார்னிஷையே நம்பியிருந்தன. பூசிய பின் உலர்வதற்காகக் காத்துக் கிடக்கும் கார்களுக்கு இடம் ஒதுக்குவதே தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

விடை வெடிமருந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்கு வெடிமருந்து விற்ற டூபான்ட் நிறுவனத்திடம், போர் முடிந்ததும், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸைத் தயாரிக்கும் வசதி மிதமிஞ்சி இருந்தது. அந்தப் பொருளைக் கரைத்து லாக்கர் செய்வது பழைய வித்தைதான். ஆனால் அது கூழாகக் கெட்டியாகிவிடும். நீர்த்தால் பூச்சு மிக மெல்லியதாகிவிடும். 1920களின் தொடக்கத்தில், நியூ ஜெர்சியின் பார்லினில் இருந்த டூபான்ட் ஆய்வுக்கூடத்தில், அதிகப் பொருள் கரைந்திருந்தாலும் எளிதாக ஓடும் லாக்கர் ஒன்றைக் கண்டடைந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுத் தலைவர் சார்லஸ் கெட்டரிங் அதைக் காருக்கு ஏற்றதாக்க டூபான்ட்டுடன் சேர்ந்து உழைத்தார். டூக்கோ பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார், 1924ஆம் ஆண்டு மாடலாக, பளிச்சென்ற நீலத்தில் டூக்கோ பூசி வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்கானது.

தூரிகையின் காலமும் அதோடு முடிந்தது. ஒஹையோவின் டொலிடோ நகரில் மருத்துவர் ஆலன் டிவில்பிஸ் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் தாமஸ் அதிலிருந்து 1907இல் பெயிண்ட் தெளிக்கும் ஸ்பிரே கன்னை உருவாக்கினார். விரைவாக உலரும் டூக்கோவைப் பூச அதுவே ஏற்ற ஆயுதமாக அமைந்தது. நம் ஊரில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் ஸ்பிரே அடிப்பவர்களின் பேச்சில் டூக்கோ என்ற பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பாலிஷ் வரலாற்றில் டூக்கோ செய்த மாற்றம் இன்னொன்று உண்டு. ஸ்பிரேயில் அடித்த லாக்கர் தானாக மினுங்காது. ஆரஞ்சுத் தோல் போல் பொரிப்பொரியாக, மங்கலாக உலரும். ஆகவே நாலைந்து பூச்சு அடித்து, நுண்ணிய தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு ரப்பிங் காம்பவுண்டை வைத்துக் கையாலும் இயந்திரத்தாலும் மினுக்க வேண்டியிருந்தது. வார்னிஷ் காலத்தில் மினுக்கத்துக்கு முன்பே முடிந்த தேய்ப்பு, இப்போது மினுக்கத்தையே உண்டாக்கும் வேலையாயிற்று. தேய்க்காமல் பளபளப்பு இல்லை என்ற நிலை அன்று தொடங்கியது.

தேய்க்கும் தாளுக்கும் இதே காலத்தில்தான் புதுவாழ்வு. பிலடெல்பியாவில் மை தயாரித்துவந்த பிரான்சிஸ் ஓக்கி, தண்ணீரில் கரையாத உப்புத்தாளைக் கண்டுபிடித்தார். 1921இல் 3எம் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலர்ந்த தாளால் தேய்க்கும்போது பறந்த ஈயத் தூசி பெயிண்டர்களின் நுரையீரலுக்குப் போவது இதனால் குறைந்தது. நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பட்டி போட்ட இடத்தை வாட்டர் பேப்பரால் தேய்க்கும் பையன் கையில் இருப்பது அதன் வாரிசுதான். அந்தத் தாளின் மாதிரிகளை செயின்ட் பால் நகரத்துப் பெயிண்ட் பட்டறைகளுக்கு எடுத்துச் சென்ற 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, இரட்டை வண்ணம் அடிக்கும்போது பசைக் காகிதத்தை உரித்தால் கூடவே பெயிண்ட்டும் உரிந்துவருவதைக் கண்டு பெயிண்டர்கள் நொந்துகொள்வதைப் பார்த்தார். 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

மெழுகு வியாபாரம்

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு வெயில் எதிரி. சில மாதங்களில் மேற்பரப்பு வெளுத்து, விரலால் தொட்டால் மாவாக ஒட்டும். காம்பவுண்ட் போட்டு அந்த இறந்த படலத்தைத் தேய்த்தெடுத்தால் உள்ளிருந்து புது நிறம் வரும். பிறகு மெழுகு பூசிக் காக்க வேண்டும். கனமாகப் பூசப்பட்ட லாக்கர் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறை தேய்த்தாலும் பல ஆண்டு தாங்கியது. கார் வைத்திருந்த அமெரிக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று நிரந்தரமாகக் கிடைத்தது.

அதைச் சுற்றி ஒரு வியாபாரமே எழுந்தது. சிகாகோவில் ஜார்ஜ் சைமன்ஸும் எல்மர் ரிச்சும் 1910இல் தொடங்கிய சைமனிஸ், இரண்டு டப்பாக்களாக வந்தது: ஒன்று அழுக்கெடுக்க, மற்றொன்று மெழுகு. 1940களில் அதே சிகாகோவில் பெஞ்சமின் ஹிர்ஷ் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் திரவ பாலிஷ் கலக்கி பிளாஸ்டோன் என்ற பெயரில் விற்றார். நிறுத்தியிருக்கும் யாரோ ஒருவரின் காரில் ஒரு பக்க மட்கார்டை மட்டும் மினுக்கிவிட்டு, உரிமையாளர் வரும்வரை காத்திருந்து பாட்டிலை விற்பாராம். விஸ்கான்சினில் டர்ட்டில் கிரீக் என்ற ஓடையைப் பார்த்த பிறகு, 1950களின் தொடக்கத்தில், தன் சரக்குக்கு டர்ட்டில் வேக்ஸ் என்று பெயர் மாற்றினார்.

இந்த மெழுகுகளில் உயர்ந்தது கார்னவுபா. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவூயி மாநிலங்களின் வறண்ட மண்ணில் வளரும் ஒரு பனை, தன் ஈரம் ஆவியாகாமல் இருக்க ஓலையின் மேல் மெழுகுப் படலம் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்து அந்த மெழுகை எடுக்கிறார்கள். 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் அது உருகும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது அது. 1935இல் எஸ்.சி. ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் எச்.எஃப். ஜான்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிகோர்ஸ்கி விமானத்தில் விஸ்கான்சினிலிருந்து பிரேசிலின் ஃபோர்டலேசா வரை பறந்தார். தம் மெழுகுத் தொழிலின் மூலப்பொருள் காலமெல்லாம் கிடைக்குமா என்று அந்தப் பனைகளை நேரில் ஆராய்வதே பயணத்தின் நோக்கம். போய்வந்த தூரம் ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர்.

மெழுகு மட்டுமல்ல, அதற்கு அடியில் இருந்த பெயிண்ட்டும் பெரும் வியாபாரம்; அதன் பலம் நீதிமன்றம் வரை போனது. டூபான்ட் நிறுவனம் 1917 முதல் 1919 வரை வாங்கிச் சேர்த்த ஜெனரல் மோட்டார்ஸ் பங்கு 23 சதவீதத்தைத் தொட்டது. 1947இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தேவையான பெயிண்ட்டில் 68 சதவீதம் டூபான்ட் தந்தது. இந்தப் பங்கு உறவு போட்டியாளர்களுக்குக் கதவை அடைக்கிறது என்று 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்குகளை டூபான்ட் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

கழுவும் இயந்திரம்

கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கழுவுவதிலிருந்தும் துடைப்பதிலிருந்தும்தான். சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. எந்தக் கார் பெயிண்ட்டும் அதற்குப் பக்கத்தில் வராது. அந்த மணலுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே ஒரு துணி அழுத்தினால் கீறல் உறுதி.

1914இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கார் கழுவும் நிலையத்தில் காரை ஆட்கள் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒருவர் சோப்புப் போட, அடுத்தவர் அலச, மூன்றாமவர் துடைத்தார். 1951இல் சியாட்டிலில் ஆண்டர்சன் சகோதரர்கள் கை படாமல் கழுவும் நிலையம் திறந்தார்கள். சுழலும் தூரிகைகள் வந்தன. 1962இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கைச் சேர்ந்த சுல்ட்ஸ்மானும் வைகலேயும், நின்றிருக்கும் காரின் மேல் தூரிகைகளே நகர்ந்து போகும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரினர். முந்தைய காரின் மணலை வைத்துக்கொண்டே அடுத்த காரைத் தேய்க்கும் அந்தத் தூரிகைகள் சுழிக்கீறலை ஆயிரக்கணக்கில் பெருக்கின. பின்னாளில் அந்தக் கீறலையே அளக்க ஒரு சர்வதேசத் தரம் வந்தது. ஐஎஸ்ஓ 20566 என்ற அந்தச் சோதனையில், குவார்ட்ஸ் தூள் கலந்த தண்ணீரைத் தெளித்து, சிறிய கழுவும் தூரிகையால் பெயிண்ட் பூசிய தகட்டைத் தேய்த்து, முன்னும் பின்னும் பளபளப்பை அளக்கிறார்கள். பெயிண்ட்டின் தரத்தை ஆய்வுக்கூடம் மதிப்பிடுவதற்குக் கார் கழுவுவதையே போலச் செய்ய வேண்டியிருக்கிறது.

கண்ணாடிப் படலம்

1950களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நைட்ரோசெல்லுலோஸைக் கைவிட்டு அக்ரிலிக் லாக்கருக்கு மாறியது. வெயிலை அது நன்றாகத் தாங்கியது. ஆனால் சுழிக்கீறலை உலகப் பிரச்சினையாக்கியது அதற்கடுத்து வந்த மாற்றம்.

அலுமினியத் துகள் கலந்த மெட்டாலிக் வண்ணங்கள் வாங்குபவர்களைக் கவர்ந்தன. துகள்கள் மேற்பரப்பிலேயே இருந்ததால் மழையும் அமிலமும் அவற்றைக் கறுக்கச் செய்தன. தேய்த்தால் துகள்களே சிதைந்தன. ஆகவே வண்ணத்தை மெல்லிய ஓர் அடுக்காகப் பூசி, அதன் மேல் நிறமற்ற இன்னொரு அடுக்கை ஏற்றினார்கள். அதுவே கிளியர் கோட். 1970களில் ஐரோப்பியக் கார்களில் பரவத் தொடங்கி, 1980களில் அமெரிக்காவையும் ஜப்பானையும் பிடித்தது. புற ஊதாக் கதிரை விழுங்கும் வேதிப்பொருள்களை அதில் கலக்க முடிந்தது. வண்ணம் வெளுப்பது பெரிதும் குறைந்தது. மாவாக உதிரும் மேற்பரப்பைத் தேய்க்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் நின்றது.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. தொழிற்சாலையில் பூசும் எல்லா அடுக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வேகமாகத் தேய்த்து மினுக்குவதற்குப் பழைய லாக்கர் கொடுத்த தாராளம் இங்கே இல்லை. கிளியர் கோட் ஓரிடத்தில் தேய்ந்து போனால், புற ஊதாக் கதிருக்கு எதிரான காப்பும் அங்கே போகும். சில ஆண்டுகளில் அந்த இடம் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும். திரும்பப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கீறலும் முன்பைவிடக் கண்ணில் குத்தியது. மங்கிய லாக்கரில் நுண்கீறல் தெரியாது. நிறமற்ற, ஆழமான மினுக்கம் கொண்ட கிளியர் கோட்டில், அதுவும் அடியில் கறுப்போ அடர்நீலமோ இருந்தால், ஒன்றிரண்டு மைக்ரான் ஆழக் கீறலும் வெளிச்சத்தில் நிற்கும்.

பழைய கருவிகள் நிலைமையை மோசமாக்கின. நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 சுற்று ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பஃபர், அதன் முகத்தில் செம்மறிக் கம்பளம், கூடவே முரட்டுக் காம்பவுண்ட். கனத்த லாக்கருக்குப் பழகிய இந்தக் கூட்டணி கிளியர் கோட்டில் புது வகைக் கீறலைப் பதித்தது. வெயிலில் பார்த்தால் வண்டி நெடுக ஒளிக்கற்றைகள் ஓடும். இதைத் தொழிலில் ஹாலோகிராம் என்கிறார்கள். பானெட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு போன்ற இடங்களில் சூடேறிப் பெயிண்ட்டே கருகியது. காரை வாங்க வந்தவருக்குக் காட்ட ஷோரூமில் அவசரமாகப் போட்ட பாலிஷே, பல புதுக் கார்களில் முதல் சுழிக்கீறலைப் போட்டது.

மாற்றம் மூன்று பக்கங்களிலிருந்து வந்தது. கம்பளத்தின் இடத்துக்கு ஃபோம் பேடுகள் வந்தன. முரட்டுத் தூளின் இடத்துக்கு ஒரே அளவாகச் சலித்த அலுமினியம் ஆக்சைடு வந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பொடியாகும் வகையும் உண்டு. மூன்றாவது, மரத்தையும் பெயிண்ட்டையும் தேய்க்கும் ரேண்டம் ஆர்பிட் சாண்டரிலிருந்து உருவான டியூவல் ஆக்ஷன் பாலிஷர். பேடு சுழலும்போதே அச்சும் நகர்வதால் எந்தத் தூளும் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாது. சூடும் குறைவு. 1947இல் தொடங்கிய இத்தாலிய நிறுவனமான ரூபெஸ், 2010களில் 15, 21 மில்லிமீட்டர் அகல வீச்சுக் கருவிகளைக் கொண்டுவந்தபோது, வேகத்தில் ரோட்டரியோடு இது போட்டிபோடத் தொடங்கியது. பெயிண்ட்டில் ஒட்டிய இரும்புத் தூளையும் பிசினையும் எடுக்க ஜப்பானில் உருவாகி 1990களில் காப்புரிமை பெற்ற களிமண் கட்டி, தேய்ப்பதற்கு முன்னான வேலையை மென்மையாக்கியது. தகட்டின் மேல் எத்தனை மைக்ரான் பெயிண்ட் இருக்கிறது என்று காந்தத் தூண்டலில் அளக்கும் சிறுகருவி, நல்ல பாலிஷ்காரரின் பையில் நிரந்தர இடம் பிடித்தது. கீறலின் ஆழம் தெரியாமலும் பெயிண்ட்டின் தடிமன் தெரியாமலும் தேய்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை என்பதைத் தொழில் ஏற்றுக்கொண்டது.

கீறாத பெயிண்ட்டைத் தேடி

கார் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2003 இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ், நுண்ணிய செராமிக் துகள்கள் கலந்த கிளியர் கோட்டைத் தன் சில மாடல்களில் பூசத் தொடங்கியது. வழக்கமான பூச்சைவிடக் கீறலை மும்மடங்கு தாங்கும் என்றது நிறுவனம். நிசான் 2005இல் எதிர்த்திசையில் போனது. கடினமாக்குவதற்குப் பதிலாக நெகிழும் பிசின் சேர்த்த கிளியர் கோட் அது. கழுவும்போது விழும் மெல்லிய கீறல் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். ஆழமான கீறலுக்கு அந்தச் சக்தி இல்லை.

இப்போது கடைகள் விற்பது செராமிக் கோட்டிங். சிலிக்கா அடிப்படையிலான இந்தப் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கு மெல்லியது. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழியச் செய்கிறது. வேதிக் கறைகளைக் கொஞ்சம் தடுக்கிறது. அது உண்மையான நன்மை. ஆனால் 9எச் கடினம் என்ற விளம்பரத்தை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அந்த எண் பென்சில் சோதனையில் கிடைப்பது. 9எச் பென்சிலால் கீற முடியவில்லை என்பதே அதன் பொருள். மோஸ் அளவுகோலின் 9க்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தெருப் புழுதியின் குவார்ட்ஸ் மணல் அந்தப் படலத்தையும் கீறும்.

நம் தெருக்களில்

இந்த நூறாண்டு அனுபவம் நம் ஊர்ப் பழக்கத்தோடு மோதும் இடம் ஒன்று உண்டு. விடியற்காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் கொண்டு வரிசையாகப் பல கார்கள் துடைக்கப்படுகின்றன. முதல் காரின் மணல் கடைசிக் கார் வரை போகிறது. டாக்சி ஓட்டுநர் சவாரிக்கு முன் உலர்ந்த மஞ்சள் துணியால் புழுதியைத் தட்டித் துடைக்கிறார். சுத்தம் என்ற நல்லெண்ணத்தில் செய்யும் இவ்வேலைதான் வெள்ளை வண்டியில் தெரியாமலும் கறுப்பு வண்டியில் தெரிந்தும் கீறல்களை நாள்தோறும் சேர்க்கிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் யாரும் கொடுப்பதில்லை.

தண்ணீர்த் தட்டுப்பாடு இதில் பெரிய காரணம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு வண்டியை ஊறவைக்கும்படி யாருக்கும் இங்கே அறிவுரை சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

அதற்காக உலர்ந்த துணிதான் வழி என்றில்லை. பம்புத் தெளிப்பான் ஒன்றில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பி முதலில் புழுதியைக் கீழே வழியவிடலாம். பிறகு, சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. சட்டைத் துணிக்குப் பதில் மைக்ரோஃபைபர். மேலிருந்து கீழ், நேர்க்கோட்டில், அழுத்தாமல். அலசவே தேவையில்லாத திரவங்களும் இப்போது கிடைக்கின்றன. அரை வாளியில் ஒரு காரை முடித்துவிடலாம். காய்ந்த அழுக்கின் மேல் துணியை வைக்காதே என்று குதிரை வண்டிக்காரருக்குச் சொன்ன விதி இதில் அப்படியே அடங்கியிருக்கிறது.

பாலிஷ் போடும் கடைக்குப் போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெயிண்ட் தடிமனை அளந்து காட்டுவீர்களா? ஓர் ஓரத்தில் மிக மென்மையான பேடில் சோதித்த பிறகுதான் முழு வண்டியையும் தொடுவீர்களா? வேலை முடிந்ததும் பாலிஷ் எண்ணெயைத் துடைத்துவிட்டு விளக்கில் காட்டுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்பவரிடம் வண்டியைக் கொடுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் இலவசமாக ரப்பிங் போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருமுறை கிளியர் கோட்டில் இரண்டு மூன்று மைக்ரான் போனால் அது திரும்பி வராது. தொழிற்சாலை கொடுத்தது 50 மைக்ரானுக்குள்தான்.